டப்பாவில் நின்ற பிரஷ்

காலை எட்டு மணி. தையல் கடை வாசலில் பெயின்டர் செத்துக் கிடந்தார். பக்கத்தில் ஏணி சாய்ந்து கிடந்தது. மேலே பலகையில், வெள்ளை பூசி மறைத்த பழைய வாசகம் லேசாகத் தெரிந்தது: ‘எங்களிடம் ஒருமுறை தைத்தால் மறுமுறை வரமாட்டீர்கள்.’

துணி அவ்வளவு காலம் உழைக்கும் என்று அர்த்தமாம். தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது. கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. “உன் கையை ஒடிச்சிடுவேன்” என்று, அதை எழுதிய பெயின்டரைப் பார்த்து நேற்று நடுத்தெருவில் கத்திய தையல்காரர் கையில் இப்போது விலங்கு. அவர் மனைவி போலீஸ் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“மிஷின் சத்தத்துல எதுவும் கேக்கல மேடம். டீக்கடைக்காரர் கத்தின பிறகுதான் வந்து பார்த்தேன்” என்றார் தையல்காரர்.

பெண் இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்தார். புதிய வாசகத்தின் கடைசி எழுத்து பாதியில் நின்றிருந்தது. கீழே மண்ணெண்ணெய் டப்பாவில் பிரஷ்.

“இதை யாராவது தொட்டீங்களா?”

“இல்லீங்க. நான் வந்தப்பவே டப்பாலதான் இருந்துச்சு” என்றார் டீக்கடைக்காரர்.

செத்தவரின் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவரும் பெயின்டர்தான்.

“நீங்க எப்ப வந்தீங்க?”

“சேதி கேட்டு ஓடி வந்தேம்மா.”

“ஊர் பூரா இருக்கிற சிரிப்பு போர்டெல்லாம் உங்க தம்பி வேலையாமே?”

“யோசிக்கிறது நான். பேரு மட்டும் அவனுக்கு.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் பிரஷைப் பெயின்ட்டில் முக்கி, வெயில் விழும் படியில் போட்டார். உடலைத் தூக்கச் சொன்னார். எல்லோரும் உடலையே பார்த்தார்கள். அண்ணன் அழுதபடி எழுந்தார். போகிற போக்கில் குனிந்து, பிரஷை எடுத்து மண்ணெண்ணெயில் போட்டார்.

“விலங்கைக் கழட்டி இவருக்குப் போடுங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “பாதி எழுத்துல விழுந்த ஆளு பிரஷை டப்பால வெச்சுட்டு விழுவாரா? தள்ளிவிட்டவர்தான் எடுத்து வெச்சிருக்கார். தையல்காரருக்கு அது வெறும் குச்சி. அது காயக்கூடாதுன்னு பதறுற கை இங்க ஒண்ணுதான் இருக்கு.”

அண்ணன் தன் கையையே பார்த்தார். “ஏணியைத்தான் இழுத்தேன்... பிரஷ் காஞ்சா கெட்டுப்போயிடுமேன்னு...”

“அப்ப தம்பிக்கு உயிர் இருந்துச்சா?”

அவர் விரலில் ஒட்டிய பெயின்ட்டைத் தேய்த்தார்.

“முனகிக்கிட்டு இருந்தான்” என்றார்.