நீக்கிய புள்ளி

ஹெட்செட்டில் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஆனால் எந்த அழைப்பும் வந்திருக்கவில்லை. புது வேலை, புது இயந்திரம், போகப் போகப் பழகிவிடும் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். வெளியே நல்ல வெயில். ஏசி அறைக்குள் மட்டும் ஈரக் கல்லும் வெடிமருந்தும் கலந்த வாடை, நனைந்த துணியை நாள் கணக்கில் மூடி வைத்ததுபோல, மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

சுரங்கப் பொறியாளர்களுக்கான தொழில்நுட்ப உதவிப் பிரிவில் அவள் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கீழே இறங்கும் ஒவ்வொருவரின் தலைவிளக்கிலும் இடம் காட்டும் ஒரு சில்லு உண்டு. அது அவள் திரையில் பச்சைப் புள்ளியாக நகரும். ஆள் மேலே வந்த பிறகும் சில புள்ளிகள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். விளக்கு அறைக்குப் போன் செய்து, விளக்கு திரும்பி வந்ததா என்று கேட்ட பிறகுதான் அவற்றை நீக்க வேண்டும்.

போன வாரம் பழைய சுரங்கப் பாதை ஒன்றை அடைக்க எல்லாரும் பறந்துகொண்டிருந்தபோது, உள்ளே ஒரே ஒரு புள்ளி நின்றது. விளக்கு அறை போன் பிசி. எப்போதும் வருகிற கோளாறுதானே என்று நீக்கிவிட்டாள். "எல்லாரும் வெளிய வந்துட்டாங்க சார்" என்று ஷிப்ட் பொறுப்பாளரிடம் சொன்னாள். பாதையைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

மறுநாள் துளை போடுகிற ஆள் ஒருவனைக் காணவில்லை. விளக்கையும் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்றார்கள். அவன் மனைவி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தாண்டித்தான் இவள் தினமும் உள்ளே வருகிறாள். பாவி நான், பாவி என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வாய் மட்டும் திறக்காது. திறந்தால் வேலை போகும், ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும்.

ஹெட்செட்டில் மூச்சுச் சத்தம் நின்றது.

"மேடம், என் புள்ளி தெரியலையாமே. கொஞ்சம் பாத்துப் போட்டு விடுறீங்களா?"

குரலில் துளிக் கோபம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நீங்க... எங்க இருக்கீங்க?"

"நீங்க விட்ட எடத்துலதான்."

நீக்கிய புள்ளியைத் திரையில் மீண்டும் போட்டாள். புள்ளி எரிந்தது. அடைத்த பாதைக்குள். நகர்ந்தது. கான்கிரீட்டைத் தாண்டியது. மேலே. இன்னும் மேலே. வரைபடம் முடிகிற கோட்டுக்கும் வெளியே.

ஷிப்ட் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "யாரோட புள்ளிம்மா அது?"

சொல்லிவிடலாம். இப்போதாவது.

"கோளாறு சார். எடுத்துடுறேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் மவுஸை நகர்த்தினாள். பிடரியில் ஈரம். சொட்டுச் சொட்டாகச் சேறு. மவுஸைப் பிடித்த அவள் கையின் மேல், நகமெல்லாம் பிய்ந்து, விரலிடுக்கில் கான்கிரீட் காய்ந்துபோன ஒரு கை மெதுவாகப் படிந்தது.