ஐந்து-ஏ, ஆறு-ஏ

மூன்றாவது தடவையும் விமான டிக்கெட்டில் இருக்கை மாறியிருந்தது. கைப்பேசியில் அந்தச் செய்தியைப் பார்த்ததும் மருந்தாளுநர் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு நேராகப் பெட்டிக்காரரின் அறைக்கு வந்து சேர்ந்தார்.

விமான நிலையத்தில் காணாமல் போன பெட்டிகளைத் தேடும் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். ஓய்வுபெற்ற பிறகு துப்பறிகிறார். பக்கத்தில் அவருடைய மச்சான், பல் டாக்டர். துப்பு என்று காதில் விழுந்தால் நோயாளியைத் திறந்த வாயோடு விட்டுவிட்டு ஓடிவருகிற ரகம்.

"முதல்ல தண்ணி குடிங்கம்மா. அப்புறம் சொல்லுங்க," என்றார் பெட்டிக்காரர்.

மருந்தாளுநர் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கில், காலாவதியான மாத்திரை அட்டைகளில் புதுத் தேதி குத்தி விற்கிறார்கள். அதை நிரூபிக்கும் பதிவேடு ஒன்று அவர் கையில் சிக்கியது. கடல் தாண்டி இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பதிவேட்டோடு நேரில் வரச் சொல்லி, பதினாலு மணி நேரப் பயணத்துக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டே வந்துவிட்டது. நாளை சாயங்காலம் விமானம்.

"நல்லா விசாரிச்சுத்தான் அஞ்சு-ஏ எடுத்தேன். மறுநாள் பார்த்தா ஆறு-ஏ. மாத்தினேன். திரும்பவும் ஆறு-ஏ. பயந்துபோய் விமானக் கம்பெனியில கேட்டேன். பழைய முன்பதிவு எண்ணை ரத்து பண்ணிட்டுப் புதுசு கொடுத்தாங்க. அதை யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்குக் காலையில மறுபடியும் ஆறு-ஏ!"

"பழைய எண் யாருக்கெல்லாம் தெரியும்?"

"தலைமை அலுவலகத்துலேருந்து எங்க கிடங்கோட கிளை மேலாளருக்கும் ஒரு நகல் போயிடுச்சு. அப்புறம் என் தம்பி, அவன்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். என்கூடத்தான் இருக்கான். விமான நிலையத்துல சுத்தம் பண்ற வேலை. பாவம், ஒரு தடவைகூடப் பறந்ததில்ல."

"மேலாளர்தான்! மாசம் ரெண்டு தடவை பறக்கிற ஆளா இருப்பான்," என்று துள்ளினார் டாக்டர். பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. "ஆனா ரெண்டுமே ஜன்னல் வரிசை, ரெண்டுமே படுக்கையா விரியும். ஒரு வரிசை பின்னாடி போனா என்ன குடி முழுகிடும்?"

பெட்டிக்காரர் ஒரு தாளில் கோடு போட்டார். "அஞ்சாவது வரிசையில படுக்கை ஜன்னலை ஒட்டி இருக்கும். நடைபாதைக்கும் உங்களுக்கும் நடுவுல மேசை, சுவர் மாதிரி. ஆறாவது வரிசையில அப்படியே தலைகீழ். மேசை ஜன்னல் பக்கம், நீங்க நடைபாதை ஓரம். விளக்கை அணைச்சு எல்லாரும் தூங்கும்போது, போறவன் கையை நீட்டினா, பதிவேடு இருக்கிற உங்க தலைமாட்டுப் பை எட்டும்."

மருந்தாளுநரின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பைக்கு எட்டுகிற கை அதற்கும் எட்டும்.

"புது எண் எங்க இருக்கு?"

"சமையலறை அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருந்தேன்." துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

டாக்டர் உரக்கப் படித்தார். "...கடைசியில ஒண்ணு."

"ஏழுங்க. என் எழுத்து அப்படி."

"எங்க கையெழுத்தையெல்லாம் வாசிக்கிறவங்க நீங்க! உங்க எழுத்து இந்த லட்சணமா?"

பெட்டிக்காரர் சிரிக்கவில்லை. பழைய சக ஊழியர் ஒருவருக்குப் போன் செய்து நெடுநேரம் பேசினார். வைத்துவிட்டு எழுந்தார். "உங்க வீட்டுக்குப் போகலாம்."

தம்பி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தான். சீருடைகூட மாற்றவில்லை. பெட்டிக்காரர் அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்குக் காலையில இருக்கையை மாத்தினவர் ரெண்டு தடவை தப்பான எண் போட்டிருக்கார். கடைசி இலக்கம் ஒண்ணுன்னு. மூணாவது தடவைதான் ஏழு. விமானக் கம்பெனி மூலமா எண் தெரிஞ்சவனுக்கு அந்தத் தப்பு வராது. உங்க அக்கா எழுதின துண்டுச் சீட்டைப் பார்த்தவனுக்குத்தான் வரும். மேலாளர் உங்க சமையலறைக்கு வரல."

"ஆனா இவனுக்கு விமான இருக்கையைப் பத்தி என்னங்க தெரியும்? பறந்ததே..." மருந்தாளுநரின் குரல் பாதியில் நின்றுவிட்டது. அவன் சுத்தம் செய்வது விமான நிலையத் தரையை அல்ல. விமானங்களின் உட்புறத்தை. ஒவ்வொரு இருக்கையும் அவன் கை பட்டதுதான்.

"தம்பி, நீங்களே சொல்லிடுங்க," என்றார் பெட்டிக்காரர் மெதுவாக.

அவன் அக்கா பக்கம் திரும்பினான். "மேலாளரோட ஆளுங்க வேலை முடிஞ்சு வர்ற வழியில மடக்கினாங்க. பை மட்டும் கைக்கு வந்தா போதும், அக்காவை ஒண்ணும் பண்ண மாட்டோம்னாங்க. இல்லேன்னா அக்கா விமானம் ஏறுறதுக்கு உயிரோட இருக்க மாட்டான்னாங்க. அதான் பை கைக்கு எட்டுற ஆறு-ஏக்கு மாத்தினேன். நான் உன் உயிரைத்தான் பார்த்தேன்க்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னா நீ இன்னும் பிடிவாதமா போவே."

அது உண்மைதான். அவருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சொந்த வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்கப்பட்டிருக்கிறோம் என்ற நடுக்கம் அடங்கவில்லை. தம்பி முகத்தில் இருந்த பயமோ அதைவிடப் பெரிதாக இருந்தது.

டாக்டர் அதற்குள் காவல் நிலையத்துக்குப் போன் போட்டிருந்தார். நாளை அந்த விமானத்தில் மேலாளரின் ஆள் யார் என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேலாளரையும் இன்றே விசாரிப்பார்கள். "பயணத்தைத் தள்ளிப் போடலாம்மா, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க," என்றார் பெட்டிக்காரர்.

மருந்தாளுநர் தலையசைத்து மறுத்தார். கைப்பேசியில் இருக்கைப் படத்தைத் திறந்து தம்பி முன்னால் வைத்தார்.

"நீயே சொல்லு. எங்க உட்காரட்டும்?"

அவன் நெடுநேரம் பார்த்தான். விரல் முதல் வரிசையில் போய் நின்றது. "இங்க படுக்கை குறுகல். பணிப்பெண்கள் உட்கார்ற இடத்துக்கு நேர் எதிரே. பாத்திரச் சத்தத்துல கண்ணே மூட முடியாது. ஆனா யாராவது ஒருத்தர் உன்னைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

"நான் என்ன தூங்கவா போறேன்?" என்று சொல்லிவிட்டு, மருந்தாளுநர் அந்த இருக்கையை அழுத்தினார்.