பதினேழாவது வளைவு

அந்த மலைச்சாலையைப் போட்ட பொறியாளர் என் கணவர்தான். திறந்து இரண்டு வருடமாகியும் அவர் என்னை அங்கே அழைத்துப்போகவில்லை. எப்போது கேட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்வார். கல்யாண நாளும் அதுவுமாக நான் பிடிவாதம் பிடித்ததால் கடைசியில் கிளம்பினார்.

பிற்பகல் மூன்று மணி. ஒன்பதாவது வளைவு வரை வெயில் அடித்தது. அதற்கு மேல் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் சாலை இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. கண்ணாடிகளை ஏற்றியிருந்தும் காருக்குள் ஈரமண் வாசனை அடித்தது. மழைக்குப் பின் வரும் வாசனை அல்ல. ஆழத்தில் தோண்டியெடுத்த மண்ணின் வாசனை.

பதினான்காவது வளைவில் ஒரு பெண் நின்றிருந்தாள். மஞ்சள் மேல்சட்டை, கையில் சிவப்புக் கொடி, கழுத்தில் விசில். சாலை வேலை நடக்கும் இடங்களில் வண்டிகளை நிறுத்துவார்களே, அப்படி. எங்களைப் பார்த்துக் கொடியை உயர்த்தினாள்.

அவர் வேகத்தைக் கூட்டினார்.

"என்னங்க, நிறுத்தச் சொல்றாங்க."

"அங்க யாரும் இல்ல" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

அடுத்த வளைவிலும் அவளே நின்றாள்.

இப்போது மேல்சட்டை முழுக்கச் சேறு. பதினாறாவது வளைவில் அவள் முகத்தில் பாதி மண்ணாக இருந்தது. என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவரை மட்டுமே பார்த்தாள்.

பதினேழாவது வளைவில் கார் தானாக நின்றது. அவர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில் சத்தம்.

எங்கள் காலுக்குக் கீழிருந்து.

அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் இந்த இடத்தில் சரிவு இடிந்து, கொடி பிடித்து நின்ற பெண்ணை மூடிவிட்டதாம். தோண்டினால் இரண்டு நாளாகும், விழா நின்றுபோகும் என்று, மண்ணைச் சமன்படுத்தித் தார் போடச் சொன்னாராம். அவள் வேலையைவிட்டு ஓடிப்போனதாக அவளுடைய அக்காவிடம் சொல்லி அனுப்பினார்களாம்.

"அப்போ உயிரோட இருந்தாளா?"

தலையை ஆட்டினார். "விசில் ஊதிட்டே இருந்தா."

"எவ்ளோ நேரம்?"

"ரோலர் ரெண்டாவது தடவை போற வரைக்கும்."

என் பக்கத்துக் கதவு திறந்துகொண்டது. வெளியே அவள் நின்றாள்.

"நீங்க இறங்குங்கம்மா."

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. இறங்கினேன். ஆனாலும் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காரின் தரை பிளந்திருந்தது. மண் அப்பிய இரண்டு கைகள் அவர் கணுக்காலைப் பற்றியிருந்தன. திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"விட்டுடாத" என்று கெஞ்சினார்.

என் கை நழுவியதா, நான் விட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்தடி ஓடியிருப்பேன். மலை இடிந்தது.

போலீஸிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அன்று ரோலர் ஓட்டியவரைக் கூட்டிவந்தார்கள். அழுதுகொண்டே இடத்தைக் காட்டினார். அந்தப் பெண்ணின் அக்கா சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்த வெள்ளைத் துணியைக் கடைசிவரை மடியிலிருந்து இறக்கவில்லை.

நான்காம் நாள் காரும் என் கணவரும் கிடைத்தார்கள். அதற்கும் கீழே, பழைய தாரைப் பெயர்த்த இடத்தில், ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்குமளவு குழி இருந்தது. அதன் சுவரெங்கும் நகக் கீறல்கள்.

குழி காலியாக இருந்தது.

பாறை தட்டும்வரை தோண்டிப் பார்த்தார்கள். ஒரு எலும்புகூட இல்லை.

ரோலர் ஓட்டியவர் விளிம்பில் நின்று வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு என்னிடம் கிசுகிசுத்தார். "அப்போ அவ எங்க போனாம்மா?"

மேலே சரிவிலிருந்து ஒரு சின்னக் கல் உருண்டு வந்து அவர் செருப்பருகே நின்றது. அவர் நாலடி தள்ளிப் போனார்.

அடுத்த கல்லும் அவர் செருப்பருகேயே வந்து நின்றது.