நிரப்பிய புள்ளி

நான் இங்கே ஒருத்திதானே இருக்கிறேன், என்று ஷர்மின் நினைத்தாள். மாமி அடுப்படியில் இருந்தாலும் அவரிடம் இருப்பது பட்டன் போன், அது இந்தக் கணக்கில் வராது. அப்படியென்றால் என் வீட்டின் மேல் எதற்கு இரண்டு புள்ளி?

திரையில் காமயகவுண்டன்பட்டி முழுவதும் நீலப் புள்ளிகளாக விரிந்து கிடந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு திராட்சைத் தோட்டக்காரரின் போன். அதன் முதுகில் ஒட்டிய சின்ன வில்லை, அவர் போகும் இடமெல்லாம் காற்றின் ஈரத்தையும் சூட்டையும் அளக்கும். போன் சத்தத்தைக் கேட்கும். ஷர்மின் வீட்டு மொட்டைமாடியில் புதிதாக வைத்த டவருக்குக் கீழே ஓர் அறை, அதில் ஒரு பெட்டி. ஊரின் அத்தனை போன்கள் சொல்வதையும் அது வாங்கி, வெளியூருக்கு எதையும் அனுப்பாமல் அங்கேயே கணக்குப் போட்டு, எந்தத் தோட்டத்தில் நோய் இறங்கப்போகிறது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். அந்தப் பெட்டியின் ரீங்காரம் கூரை வழியாகக் கசிந்து, அவள் படுத்திருக்கும் நடு அறைக்குள் ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஊரையே, அவள் போனையும்கூட, இதில் சேர்த்துவிட்டவன் அவள் கணவன் சலீம். கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து அவன் போய்ச் சேர்ந்தான். போனும் அவனோடு நசுங்கிப் போனது. இரண்டாவது புள்ளியில் அவன் பெயர் இருந்தது.

சலீம் கெட்டவன் இல்லை. ஒருநாளும் கை ஓங்கியதில்லை. கேட்பான், அவ்வளவுதான். தோட்டத்திலிருந்து, கடையிலிருந்து, மலை ஏறும் ஜீப்பிலிருந்து. "எங்கன இருக்க?" அவளுடைய புள்ளியைப் பார்த்துக்கொண்டே கேட்பான். கொல்லையில் கொஞ்சம் அதிகம் நின்றுவிட்டால், அங்கே யாரோடு பேச்சு என்பான். இப்போது, கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருக்கிறாள். வாசல்படி தாண்டக் கூடாது, ஜன்னலுக்குக்கூடத் திரை. வந்துபோன பெண்களெல்லாம் இப்படி அடைபட்டுக் கிடக்கிறாளே என்று அழுதார்கள். இந்த அறையில்தான், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, தான் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒருவரும் பார்த்துக் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அவள் யாரிடம் சொல்ல முடியும். அந்தச் சின்ன நிம்மதியைத் துணிக்குள் ஒளித்த தின்பண்டம்போல வைத்திருந்தாள்.

பெட்டியைப் பராமரிக்கும் கார்த்திக்ராஜை லத்திபா மாமிதான் கூப்பிட்டார். இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆணோடு பேச வேண்டாமென்று ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, மவுத்தானவன் பேரு போன்ல தெரியுதுங்குறா எம் மருமக."

"அது ஒன்னும் இல்லம்மா. ஒரு போன்ல இருந்து தகவல் வரலைன்னா, பக்கத்துப் போன்ல வர்றத வச்சு அந்த எடத்தப் பெட்டியே நிரப்பிக்கிரும். அண்ணன் பேர இன்னும் எடுக்கல, அதான். எடுத்துரவா?"

"எடுக்காத. நாப்பதாம் பாத்திஹா ஓதி முடியட்டும். ரேசன் கார்டுலயே எம் மகன் பேரு இருக்கு, ஒம் பெட்டிக்கு என்ன அவசரம்?"

"சரிம்மா, இருக்கட்டும். பெட்டி என்ன, சோறா கேக்குது?"

மாமி சிரித்தார். மகன் போனபிறகு அவர் சிரித்து ஷர்மின் இப்போதுதான் பார்க்கிறாள். எடுத்துருங்க என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். எந்தப் பெண்டாட்டி அதைச் சொல்வாள்?

சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு மாமி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "நசீமா மகளுக்குப் புள்ள பொறந்துருக்காம், ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன் ஆத்தா. பெட்டியப் பாக்குறேன்னு எவனாச்சும் படியேறி வருவான், நான் வெளிய பூட்டிக்கிறேன்." பூட்டு விழும் சத்தம் கேட்டது.

மழை வந்தது. மேற்குமலையிலிருந்து இறங்கும் மழை, முதலில் வாழைத் தோப்பில் பெருந்துணியை உதறுவதுபோலக் கேட்டு, பிறகு தெருவைக் கடந்து, மாடித் தகரத்தில் ஆயிரம் கையால் தட்டத் தொடங்கியது. வெளிச்சம் பழுப்பாக மங்கியது. ஷர்மின் போனை எடுத்தாள். சலீமின் புள்ளி அடுப்படியில் இருந்தது.

அவள் நடு அறையில். அது அடுப்படியில். என் போனை வைத்து நிரப்புகிறது என்றால் என்னோடுதானே இருக்க வேண்டும்?

புள்ளியைத் தொட்டாள். சூடு மிகக் குறைவு. ஈரம் நிறைந்து வழிந்தது; இந்த மழையிலும் வீட்டுக்குள் இருக்க முடியாத ஈரம், மண்ணுக்கடியில் மட்டுமே இருக்கும் ஈரம். சத்தத்துக்கான கோடு எழுந்து எழுந்து தாழ்ந்தது. மூச்சு. தன்னுடையதாக இருக்குமென்று வாயைப் பொத்தி மூச்சை அடக்கினாள். கோடு எழுந்தது. தாழ்ந்தது.

புள்ளி நகர்ந்தது. அடுப்படி வாசல். நடை.

என்னை வைத்துத்தான் வருகிறது, என்று பட்டது. இந்தப் போன் கேட்பதையும் அளப்பதையும் பிடித்துக்கொண்டுதான் வழி தேடுகிறது. அளக்கும் அனுமதி எல்லாவற்றையும் நிறுத்தினாள். அவளுடைய புள்ளி அணைந்தது.

கூரைக்கு மேல் ரீங்காரம் ஏறியது. அவளுடைய புள்ளி மறுபடி எரிந்தது. அடியில் எழுத்து ஓடியது:

உங்கள் போனிலிருந்து தகவல் இல்லை. பக்கத்துப் போனிலிருந்து நிரப்பப்படுகிறது: சலீம்.

அவள் புள்ளியில் சூடு இறங்கியது. ஈரம் ஏறியது.

முதலில் கால் விரல்கள். பிறகு பாதம். குளிர் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கால் தன்னுடையது என்ற உணர்வே கழன்று போனது. அவனை அடக்கிய அன்று தெளித்த பன்னீர் வாசனை, அதன் அடியில் தோண்டிய மண் வாசனை. கதவை நோக்கி ஓடினாள். தட்டினாள். மழை அதைவிடப் பலமாகத் தட்டியது. முழங்கால் மடிந்தது. சுவரைப் பிடித்து, தவழ்ந்து, கட்டிலில் விழுந்து சுவர்ப் பக்கமாக ஒடுங்கிக்கொண்டாள். கால்விரல் இடுக்குகளில் செம்மண் ஈரமாக அப்பியிருந்தது.

திரை கேட்டது: மீண்டும் அளக்க அனுமதிக்கிறீர்களா?

ஆம் என்று ஒரு தொடுதல். காலுக்குச் சூடு திரும்பும். அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவனுக்கு எப்போதும் தெரியும். நாளையும். அதற்குப் பிறகும்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். நீல வெளிச்சம் மெத்தையின் ஓரமாக மட்டும் கசிந்தது.

இடுப்பு மரத்தது.

நடையில் ஈரக்கால் ஒன்று பதிந்தது. இன்னொன்று. அறையின் வாசற்படி. கட்டிலின் கால்.

மெத்தையின் அடுத்த பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. ஓர் ஆள் பாரத்துக்குத் தாழ்ந்து நின்றது. கவிழ்ந்த போனின் வெளிச்சத்தில் விரிப்பு கருப்பாக நனைந்துகொண்டே அவளை நோக்கி வந்தது.

"கொஞ்சம் தள்ளிப் படு."

வாயில் மண் இருப்பவனின் குரல். கோபம் இல்லை. எப்போதும்போல.

தள்ளிப் படுக்கச் சுவர் ஓரம் இன்னும் ஒரு சாண் இருந்தது. ஷர்மின் அசையவில்லை. உதடும் மரத்துப்போவதற்கு முன்னால், மழைக்குள் தனக்கே கேட்காத அளவுக்கு மெல்ல, சொன்னாள்:

"மாட்டேன்."