அம்மா வாயில் தண்ணீர், அப்பா காலில் கிளட்ச்

எங்கள் காருக்கு நான் வைத்த பெயர் தவளை. அம்மா ஓட்டும்போது அது கார்தான். அப்பா உட்கார்ந்தால்தான் தவளை. நின்ற இடத்திலிருந்து ஒரு குதி, இரண்டு குதி, பிறகு ஒரு உதறு உதறிவிட்டு அணைந்துபோகும்.

காரில் குறை இல்லை என்று மெக்கானிக் அண்ணன் அடித்துச் சொல்லிவிட்டார். "கிளட்ச் கொஞ்சம் மேலதான் பிடிக்கும். பழகிட்டா சரியாயிடும்," என்றார்.

கிளட்ச் என்பது இடது காலில் மிதிப்பது. அதை அழுத்தினால் என்ஜினும் சக்கரமும் கையை விட்டுவிடும். மெல்ல விட்டால் மறுபடி கைகோர்த்துக்கொள்ளும். எங்கள் காரில் மிதி முக்கால்வாசிக்கு மேல் எழுந்த பிறகுதான் கைகோர்க்கும். அதுவரை ஒன்றுமே நடக்காது. அப்பா பொறுமை இழந்து காலைச் சட்டென்று எடுப்பார். உடனே குதி.

அம்மாவுக்கு அந்தக் கிளட்ச் அத்துப்படி. ஆனால் அம்மாவின் இடது கால் மாவுக்கட்டில் இருந்தது. போன வாரம் படிக்கட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்தார். இன்னும் ஒரு படி இருந்தது.

அம்மா வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவர். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நூலகத்தின் ஆண்டுவிழாவுக்கு மூன்றடுக்குக் கேக் போய்ச் சேர வேண்டும். அம்மாவுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. ஒரு டாக்சிக்காரரைக் கேட்டுப் பார்த்தோம். "மூணு அடுக்கா? சாஞ்சுதுன்னா என்னைத்தான் திட்டுவீங்க. ஆளை விடுங்க," என்று போயே போய்விட்டார்.

அப்பாவிடம் லைசென்ஸ் இருந்தது. எட்டு வருடமாக அது அலமாரியில் சும்மா இருந்தது. அப்பா தையல்காரர். கடை எங்கள் வீட்டு முன்னறையிலேயே இருப்பதால் அவருக்குக் கார் தேவைப்பட்டதே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம், பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்குப் போனோம். எப்படிப் போனோம் என்று கேட்காதீர்கள். கேக்குக்குப் பதிலாக மூன்று அட்டைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னால் அடுக்கியிருந்தோம். அவை விழுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை.

"கிளட்ச்சை விடுங்க," என்றார் அம்மா. "மெதுவா. இன்னும் மெதுவா. மெதுவான்னு சொன்னேன்ல? ஆக்சிலேட்டர் கொடுங்க. அவ்வளவு வேணாம். ஏங்க, கீழ எதுக்குப் பாக்கறீங்க, முன்னாடி பாருங்க."

குதி. பெட்டிகள் என் மடியில்.

"எவ்வளவு மெதுவான்னு சொல்லேன்," என்றார் அப்பா.

"அதை எப்படிச் சொல்றது? காலுக்கே தெரியும்."

"உன் காலுக்குத் தெரியும். என் காலுக்கு யார் சொல்றது?"

அன்றைக்கு மொத்தம் பதினேழு குதி. பெட்டிகளின் மூலைகள் எல்லாம் நசுங்கிப்போயின.

சாப்பிடும்போது அம்மா, "பேசாம அவங்களுக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடறேன்," என்றார். அந்தக் கேக்குக்கு அம்மா போட்ட படம் ஒரு வாரமாக எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

"நாளைக்கும் பாத்துட்டு சொல்லலாம்மா," என்றேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்து முன்னறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா தடிமனான துணி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அம்மா, "ஏங்க, அந்தச் சல்லடையை எங்க வச்சீங்க?" என்றார். அப்பா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில், "ஏங்க, மணி என்ன?" என்றார். அப்பா மறுபடி காலை எடுத்தார்.

"ஏம்ப்பா, அம்மா பேசினா மெஷினை நிறுத்திடறீங்க?"

"பேச்சு கேட்டா மோட்டார் சத்தம் கேக்காது. அப்புறம் தையல் கோணிக்கிட்டுப் போகும்."

"காலாலதானே ஓட்டறீங்க?"

"மிதிக்கிறது கால். எவ்வளவு மிதிக்கணும்னு சொல்றது காது. ஊசி நகர்றதுக்கு முன்னாடி 'உம்'முனு ஒரு சத்தம் வரும், கேளு."

கேட்டேன். வந்தது. அதற்கப்புறம்தான் ஊசி நகர்ந்தது.

"அப்பா, காருக்கும் இப்படி ஒரு சத்தம் வருமா?"

"வரலாம். கேக்க விட்டாத்தானே? உங்கம்மா..." என்று தொடங்கியவர், உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

எங்கள் வீட்டில் அம்மாவிடம் 'பேசாதே' என்று சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதுவும் அம்மா பயத்தில்தான் அவ்வளவு பேசினார். பாவமாக இருந்தது. அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"அம்மா, நீ கார் எடுக்கும்போது என்ஜின் சத்தம் கேப்பியா?"

மாவு கலக்கிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை நிறுத்தி யோசித்தார். "கேப்பேன் போலிருக்கே. கிளட்ச் பிடிக்கும்போது சத்தம் லேசா இறங்கும். அங்க காலை அப்படியே வச்சிருப்பேன்."

"அதை ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?"

"எனக்கே இப்பத்தானே தெரியுது."

"அப்பாவுக்குக் காது சொன்னாத்தான் கால் கேக்கும். ஆனா நாம பேசினா அவருக்கு ஒண்ணும் கேக்காதும்மா."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாமன்னா, நான்தானே? சரி, வாயே திறக்கல. போதுமா?"

அன்று சாயங்காலம் மைதானத்தில் அந்த வாக்கு அரை நிமிடம்தான் நின்றது. "பாத்து, பாத்து," என்றார். குதி.

எனக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "ஒரு வாய் வச்சுக்கோம்மா. விழுங்கக் கூடாது."

முதல் வாயை விழுங்கிவிட்டு, "கண்ணாடியைப் பாருங்க," என்றார். இரண்டாவது வாயை விழுங்கவில்லை. இரண்டு கன்னமும் உப்பி, விழி பிதுங்க உட்கார்ந்திருந்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் சிரித்துவிடுவார்.

கார் அமைதியாக இருந்தது. 'ர்ர்ர்' என்று ஒரே சீராக ஓடியது என்ஜின். அப்பாவின் இடது கால் மெல்ல மேலே வந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சத்தம் சட்டென்று இறங்கியது.

"இதோ," என்று கிசுகிசுத்தார் அப்பா. காலை அங்கேயே வைத்துக்கொண்டார்.

கார் நகர்ந்தது. பெட்டிகள் அசையவில்லை.

வெள்ளிக்கிழமையும் போனோம். பெட்டிகள் ஒரே ஒரு தடவைதான் விழுந்தன.

சனிக்கிழமை காலை பாதிப் பின்சீட்டை மடக்கிப் பலகை போட்டுக் கேக்கை வைத்தோம். மீதிப் பாதியில் நான். யாரும் சொல்லாமலேயே அம்மா ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொண்டார்.

பாலத்து ஏற்றத்தில் சிக்னலில் சிவப்பு விழுந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. பச்சை விழுந்ததுதான் தாமதம், லாரிக்காரர் ஹாரனில் கை வைத்தார். எடுக்கவே இல்லை.

குதி. என்ஜின் அணைந்தது. அப்பா ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கேக் பலகையில் ஒரு விரற்கடை நகர்ந்தது. மேலடுக்கு ஆடியது. நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுமே கேக்கலையே," என்றார் அப்பா. அவர் கழுத்தெல்லாம் வியர்வை. அம்மா, "ம்ம்ம், ம்ம்ம்," என்றார். இன்னொரு குதி குதித்தால் கேக் என் மடியில்தான்.

அப்போதுதான் கவனித்தேன். முன்பக்கம் இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன.

"அப்பா, கண்ணாடியை ஏத்துங்க. அம்மா, நீயும் ஏத்து. லாரி கத்தினா கத்தட்டும், ஏறிக் குதிக்கவா போகுது? நம்ம சத்தத்தை மட்டும் கேளுங்கப்பா."

இரண்டு கண்ணாடியும் ஏறின. ஹாரன் பக்கத்துத் தெருவுக்குப் போனதுபோல் குறைந்தது. அப்பா சாவியைத் திருப்பினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் இறங்கியது. காலை அங்கேயே நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டார். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராமல் பாலத்தில் ஏறியது.

நூலகர் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க வாங்க, சிரமமில்லாம வந்தீங்களா?" என்று கேட்டார். அம்மா கன்னத்தை உப்பிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

"ஐயோ, பல்வலியா?" என்றார் நூலகர்.

கேக் மேசையில் சாயாமல் நின்ற பிறகுதான் அம்மா தண்ணீரை விழுங்கினார்.

திரும்பி வரும்போது பாட்டிலை நான் நீட்டவில்லை. "இனிமே நீ தாராளமா பேசலாம்," என்றார் அப்பா.

எட்டிப் பார்த்தேன். அம்மா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா ஓட்டும்போது அம்மா கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை.

அப்பாவும் பார்த்துவிட்டார். அடுத்த சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார், காலை மெல்ல விட்டார். கார் நகர்ந்தது.

அம்மா விழிக்கவே இல்லை.