எல்லை தாண்டாத எலுமிச்சை

"ஐயோ... யாராவது வாங்களேன்..."

பட்டப்பகலில் அந்த அலறல் கேட்டது. எதிர்க் கட்டடத்தின் பின்படிக்கட்டிலிருந்து.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்துப் படுத்திருந்த எலுமிச்சை துள்ளி எழுந்தான்.

அந்தக் குரல் அவனுக்குத் தெரியும்.

அவனுடைய அக்கா!

படி இறங்கி, நடுவில் இருக்கும் பின்சந்தைத் தாண்டினால் போதும். ஒரே ஓட்டத்தில் போய்விடலாம்.

ஆனால் போக முடியாது.

ஏனென்றால் அந்த நேரத்தில் அவன் இந்த நாட்டிலேயே இல்லை.

குழம்ப வேண்டாம். சொல்லிவிடுகிறேன்.

எலுமிச்சையிடம் இருப்பது நீண்ட நாள் விசா. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லையைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் ஒரு முத்திரை, திரும்பி வந்து இந்தப் பக்கம் ஒரு முத்திரை. தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கெடு இன்றோடு முடிகிறது. இவனைப் போன்றவர்களை அள்ளிக்கொண்டு காலையில் ஒரு வேன் போகும், பிற்பகலில் திரும்பும்.

வழி முழுக்க மலை வளைவு.

எலுமிச்சைக்கு வளைவு என்றால் வாந்தி. அதுவும் லேசுப்பட்ட வாந்தி இல்லை. கூட வந்தவர்கள் ஆயுசுக்கும் மறக்காத வாந்தி. ஒவ்வொரு முறையும் அக்கா ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, "மோந்துக்கிட்டே போடா" என்று அனுப்புவாள். பெயர் வந்த கதை அதுதான்.

இந்த முறை வேன் டிரைவரே கும்பிட்டார்.

"தம்பி, நீ வராத. உன் பாஸ்போர்ட் மட்டும் வரட்டும்."

"அது எப்படிண்ணே?"

"எல்லாப் பாஸ்போர்ட்டையும் நான்தான கட்டா குடுக்கறேன். கவுண்டர்ல உக்காந்திருக்கறவரு யார் மூஞ்சியையும் பாக்கறதில்ல. தலைய நிமித்தாம குத்தித் தள்ளுவாரு."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டினவன் எவனையாவது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன? போன தடவை சீட்டைக் கழுவிக் கழுவி என் முதுகே போச்சு. புண்ணியமா போகும், வராத."

ஆக, பாஸ்போர்ட் வெளிநாடு போனது. பாஸ்போர்ட்டுக்குச் சொந்தக்காரன் மொட்டை மாடிக்குப் போனான். அங்கிருந்து பார்த்தால் தெருமுனையில் வேன் வருவது தெரியும். வந்ததும் நைஸாக இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து, அசதியாக வீட்டுக்குப் போய்விடலாம். திட்டம் பிரமாதம்தான்... அலறல் கேட்கும் வரை.

அலறலுக்குக் கொஞ்சம் முன்னால் அவன் ஒன்றைப் பார்த்திருந்தான்.

எதிர்க் கட்டடத்தின் பின்படியில் ஒருவர் இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை. மார்போடு அணைத்த துணிப்பை. கீழ்த்தளத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர். அவர் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய வாசனை நுழைந்துவிடும். அதனால் ஊருக்கே அவர் 'சென்ட்'.

சென்டுக்கும் இதே விசா. இதே வேனில் போயிருக்க வேண்டியவர்.

'அட, இவரும் நம்ம கட்சிதானா?'

எலுமிச்சைக்குச் சிரிப்பு வந்தது. தொட்டிக்குப் பின்னால் குனிந்து, மறுபடி பாயில் படுத்துவிட்டான். அவர் நம்மைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும்.

*

வேன் வந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்தது. எலுமிச்சை, கையில் பழத்தோடு, வெளிநாட்டிலிருந்து 'திரும்பி' வந்தான்.

அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமாவ போலீஸ் கூட்டிட்டுப் போயிடுச்சுடா."

"எதுக்கு?"

"பின்படில வீட்டு ஓனர் மண்டை உடைஞ்சு கிடந்தாரு. நான்தான் முதல்ல பாத்தேன். பக்கத்துலயே நம்ம கடை இஸ்திரிப் பெட்டி. மேல அவர் வீட்டு பீரோ திறந்து கிடக்கு, நகை ஒண்ணுகூட இல்ல."

மாமா அக்காவின் புருஷன். அதே கட்டடத்தில் சலவைக் கடை வைத்திருக்கிறார். எலுமிச்சைக்கு வேலை, சோறு, படுக்க இடம் எல்லாம் அவர் தயவு. ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

"இஸ்திரிப் பெட்டி நம்மளுதுன்னா மாமா அடிச்சதா ஆயிடுமா? அது எப்பவும் பின்படிலதானக்கா ஆறிட்டிருக்கும்?"

"காலைல தண்ணி மோட்டார் தகராறுடா. 'உன் மண்டையப் பொளந்துடுவேன்'னு ஓனரைப் பாத்து உங்க மாமா கத்தினது தெருவுக்கே கேட்டுச்சு."

"மாமாவா? கரப்பான்பூச்சி வந்தாலே நாற்காலி மேல ஏறிட்டு என்னைக் கூப்பிடுவாரே..."

"அது நமக்குத் தெரியும். போலீஸுக்குத் தெரியுமா?" அக்கா மூக்கைச் சிந்தினாள். "நீ மட்டும் இன்னிக்கு ஊர்ல இருந்திருந்தா, உங்க மாமாவத் தனியா விட்டிருக்க மாட்ட."

எலுமிச்சை பழத்தைப் பார்த்தான்.

சென்டைப் பார்த்தேன் என்று சொன்னால் மாமா வெளியே வருவார். எங்கிருந்து பார்த்தாய் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் அவன் நாட்டைவிட்டே வெளியே போவான்.

*

ஸ்டேஷனில் லேடி இன்ஸ்பெக்டர் புளிப்பு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு கட்டடத்து ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்து போய், ஆட்களை ஏற்றி வந்து வாசலில் நின்ற அதே வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. வேன் டிரைவருக்கு மட்டும் வியர்த்தது.

மூலையில் பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார்.

"ஓனருக்கு எப்படி மேடம் இருக்கு?" அக்கா கேட்டாள்.

"உயிருக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் கண்ணு முழிக்கல. முழிச்சாலும் பின்னாடியிருந்து அடிச்சவனைச் சொல்ல முடியுமான்னு தெரியல." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "அடுத்து யாரு? செல்போன் கடையா? மத்தியானம் எங்க இருந்தீங்க?"

வாசனை முன்னால் வந்தது. சென்ட் பின்னால் வந்தார்.

"எல்லைக்கு அந்தப் பக்கம் மேடம்." பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தார். "முத்திரை ஈரம்கூடக் காயல."

"கூட வந்தவங்க யாராவது?"

"இதோ நிக்கறானே, எலுமிச்சை. அதே வேன்தான். அவனையே கேளுங்க."

சொல்லிவிட்டு எலுமிச்சையைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எலுமிச்சை பழத்தை எடுத்து முகர்ந்தான். வளைவே இல்லாமல்.

பார்த்திருக்கிறார்... மொட்டை மாடியில் அவன் நின்றதை சென்ட் பார்த்திருக்கிறார். நீ வாயைத் திறந்தால் உன் விசாவும் போகும் என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

"சொல்லு தம்பி," என்றார் இன்ஸ்பெக்டர். "இவர் வேன்ல வந்தாரா?"

எலுமிச்சை மாமாவைப் பார்த்தான்.

மாமாவும் அவனைப் பார்த்தார். "வெறும் வயித்தோடயா வந்த? ஏதாவது சாப்பிட்டியாடா?" என்றார்.

அவ்வளவுதான். எலுமிச்சைக்குக் கண் நிறைந்துவிட்டது. விசாவாவது மண்ணாங்கட்டியாவது.

"இவர் வேன்ல இல்ல மேடம்."

சென்டின் சிரிப்பு பாதியில் நின்றது. "பொய் மேடம். மாமனைக் காப்பாத்த அவுத்து விடறான்."

"எப்படித் தம்பி அவ்வளவு உறுதியா சொல்ற?"

"எனக்கு வளைவு ஒத்துக்காது மேடம். ஏத்தத்துலயே ஆரம்பிச்சுடுச்சு. பக்கத்து சீட் காலி. அதனால தைரியமா அந்தப் பக்கம் திரும்பி எடுத்தேன். இவர் உக்காந்திருந்தா இந்தச் சட்டை இன்னும் வெள்ளையா இருக்குமா?"

சென்ட் தன்னையறியாமல் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"இறக்கத்துல இன்னொரு தடவை வந்துச்சு மேடம். அது முன்சீட் வரைக்கும் போச்சு. காலைல சாப்பிட்டது மட்டும் இல்ல, முந்தின நாள் சாப்பிட்டதும் சேர்ந்து, ஒரு மாதிரி கொழகொழன்னு..."

"சீ, நிறுத்துடா!" சென்ட் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மேடம், இவன் வேன்லயே ஏறல. எல்லாம் புளுகு."

"ஏறலையா?" எலுமிச்சை இரண்டடி முன்னால் வந்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். சென்ட் இரண்டடி பின்னால் போனார். "அப்ப நான் எங்க இருந்தேன்? நீங்களே சொல்லுங்களேன்."

"எங்கயா? எதிர் மொட்டை மாடில, தண்ணித் தொட்டிக்குப் பின்னால, கையில பழத்த வச்சுக்கிட்டு எட்டி எட்டி..."

நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் மிட்டாயை நறுக்கென்று கடித்தார்.

"அடேங்கப்பா," என்றார் அவர். "எல்லைக்கு அந்தப் பக்கம் நின்னா எங்க ஊர் மொட்டை மாடி தெரியுதா? நல்ல கண்ணு உங்களுக்கு."

வேன் டிரைவர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். ஏட்டு கதவைச் சாத்தினார்.

"நீ வேன்ல இல்லன்னு எனக்கு முதல்லயே தெரியும் தம்பி," என்றார் இன்ஸ்பெக்டர். "தெருவுல யாரைக் கேட்டாலும் உன் வாந்திப் புகழ்தான் பாடறாங்க. வேனைப் போய்ப் பாத்தா ஷோரூம்லேர்ந்து வந்த மாதிரி இருக்கு. அப்பவே கட்டுப் பாஸ்போர்ட் விவகாரம் புரிஞ்சு போச்சு. இவர் இங்கதான் இருந்தாருங்கறது அவர் வாயாலயே வரணும்னு உன்னைப் பேச விட்டேன்."

அக்கா எழுந்து வந்தாள். தம்பியின் காதைப் பிடித்தாள்.

"போகவே இல்லியாடா நீ? நல்ல பழமா பாத்துப் பொறுக்கிக் குடுத்தேனே!"

"வலிக்குதுக்கா... மேடம், பாத்தது அத்தனையும் எழுதித் தர்றேன். என் விசா போனா போகட்டும். மாமாவ விட்டுடுங்க."

மாமா மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

ஆனால் சென்ட் லேசில் விழுகிற ஆள் இல்லை. கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரி மேடம், எல்லைக்குப் போகல. தப்புதான். இவனும்தான் போகல. அதுக்காக நான்தான் மண்டைய உடைச்சேன்னு ஆயிடுமா? நகை எங்க? காட்டுங்க, ஒத்துக்கறேன்."

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர் யோசித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏட்டய்யா, ஜீப்பை எடுங்க. எல்லைக் கவுண்டர் இன்னும் சாத்தியிருக்காது. மூஞ்சியப் பாக்காம குத்தற அந்த மகராசனை நான் நேர்ல பாக்கணும். தம்பி, நீயும் ஏறு. உன் கெடு இன்னிக்கு முழுக்க செல்லும். அங்க வந்து உண்மையச் சொல்லு, கட்டச் சொல்ற அபராதத்தைக் கட்டு, நிஜமாவே தாண்டிட்டு வா."

"ரொம்ப நன்றி மேடம்..."

"இவர் முத்திரையும் பொய்தான? இவரும் வரட்டும். பின்சீட்ல ரெண்டு பேரையும் நெருக்கி உக்கார வச்சு, ஒரே விலங்குல பூட்டுங்க."

சென்டின் முகம் வெளுத்தது.

"ஒரே விலங்கா? மேடம்... ஜன்னல் பக்கம் யாரு?"

"நீங்கதான். அவனுக்குக் காத்து ஆகாதாம்."

"எனக்கு இப்பவே ஒரு மாதிரி இருக்கு மேடம்," என்றான் எலுமிச்சை. இந்த முறை அவன் பொய் சொல்லவில்லை. "ஏவ்..."

"கடையில!" சென்ட் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "பழைய சார்ஜர் போடற பெட்டி, அதுக்கு அடியில. நகை மொத்தமும் அங்கதான் இருக்கு. ஓனர் வீட்ல இல்லன்னு நினைச்சு மேல போனேன். எடுத்துட்டு இறங்கும்போது அவர் எதிர்ல வந்துட்டாரு. என்னைப் பாத்துட்டு போன் பண்ணத் திரும்பினாரு. கைக்குக் கிடைச்சது இஸ்திரிப் பெட்டி... எழுதித் தர்றேன் மேடம். லாக்கப்ல போடுங்க. எத்தனை வருஷம் வேணா போடுங்க. இவன் பக்கத்துல மட்டும் வேணாம்."

போலீஸ் போய்ப் பார்த்தது. சார்ஜர் பெட்டிக்கு அடியில் நகை இருந்தது.

மாமா வெளியே வந்தார்.

"மச்சான், பத்திரமா போயிட்டு வாடா," என்றார். "எதையும் சாப்பிட்டுட்டுப் போகாத."

*

எல்லைக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் அன்று வாழ்க்கையில் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நிற்கும்போது நிமிர்த்தாமல் என்ன செய்வார்? போட்டோவைப் பார்த்தார். எலுமிச்சையின் முகத்தைப் பார்த்தார்.

"இது நீதானா? போட்டோல நல்ல நிறமா இருக்க."

"நாலு வளைவுக்கு முன்னாடி நானும் அப்படித்தான் சார் இருந்தேன்."

அபராதம் கட்டினான். திட்டு வாங்கினான். இந்தப் பக்கம் வெளியே போனான், அந்தப் பக்கம் தொட்டான், திரும்பி வந்தான். முத்திரை விழுந்தது. அசல் முத்திரை. இன்னும் மூன்று மாதத்துக்கு அவனை யாரும் அசைக்க முடியாது.

ஜீப் திரும்பியது. முதல் வளைவு வந்தது.

முன்சீட்டில் இன்ஸ்பெக்டர் சட்டைப்பையைத் துழாவினார். மிட்டாய் தீர்ந்திருந்தது. வரும்போதே தீர்ந்துவிட்டது.

"தம்பி..."

"மேடம்?"

"அந்தப் பழத்த இப்படிக் குடு."

"மேடம்... நீங்களுமா?"

"பின்ன? வேன் சுத்தமா இருந்தா சந்தேகப்படணும்னு டிரெயினிங்லயா சொல்லிக் குடுத்தாங்க? எல்லாம் பட்டறிவுதான். சீக்கிரம் குடுடா."

"குடுத்துட்டா எனக்கு மேடம்?"

அடுத்த வளைவு வந்தது.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஏட்டு பக்கத்தில் ஒரு முகத்தைப் பார்த்தார். கண்ணாடியில் இன்னொரு முகத்தைப் பார்த்தார். இரண்டும் பச்சை. பிரேக்கை அழுத்தி, ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்தார்.

"நான் இங்கயே இறங்கிக்கறேன் மேடம். எனக்கு விசா பிரச்சினை எதுவும் இல்ல."