நான்கு விரற்கடை

காரின் வலப்பக்க விளக்கின் ஒளி சுவரில் நான்கு விரற்கடை தாழ்ந்து விழுந்தது. இடப்பக்க விளக்கோ தன் கடமையை உணர்ந்து, விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. இந்த வேறுபாட்டை அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான் கண்டார். மற்றவர்களுக்குக் கண் உண்டு, பார்வை இல்லை என்பது அவருடைய தீர்ப்பு.

அவர் நில அளவைத் துறையில் தலை நரைத்தவர். அலுவலகத்தில் அவருக்கு, சாய்வு பார்க்கும் கருவியின் பெயரால், ‘ரசமட்டம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த அந்தப் பெயர் ஒருநாள் காதுக்கு எட்டியபோது, இந்த அலுவலகத்தில் இன்றைக்குத்தான் ஒரு சொல்லைச் சரியான பொருளில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டார். சாய்ந்து தொங்கும் படத்தையோ ஆடும் மேசையையோ அவர் வெறுத்ததில்லை. அவற்றோடு நிம்மதியாக வாழ்கிறவர்களைத்தான் வெறுத்தார்.

மறுநாள் விடியும் முன் புறப்பட்டாக வேண்டும். பக்கத்து ஊர் மருத்துவமனையிலிருந்து மகளையும், பிறந்து சில நாள்களே ஆன பேத்தியையும் அழைத்துவர வேண்டும். வழியில் விளக்குக் கம்பமே இல்லாத சாலை. பின்னிருக்கையில் தாயும் சேயும் வருவதற்காக அவருடைய மனைவி துவைத்த வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து விரித்து வைத்திருந்தாள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் அந்தத் துணி சற்றே உள்வாங்கியிருந்தது. மெத்தையில் அங்கே ஒரு பள்ளம். ஓட்டுநர் இருக்கையில் இருந்த பள்ளத்தைவிட ஆழமானது.

இந்தப் பழைய காரை விலை பேசி முடித்தவன் மைத்துனன். ஆகவே, அந்தப் பள்ளம் அவன் கண்ணுக்குத் தப்பியதில் வியப்பில்லை.

“அத்தான், அந்த லைட்டை அப்படியே விட்டுருங்களேன்,” என்றான் அவன், வாசலில் பைக்கில் சாய்ந்தபடி. “வித்த பெரியவர் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. இடது லைட் உடைஞ்சிருந்துச்சு, புதுசு மாத்தியாச்சு. வலதை மட்டும் தொடாதீங்கன்னாரு.”

“ஏனாம்?”

“பின்னாடி ஆள் உக்கார்ந்தா முன்பக்கம் தூக்கும்ல? அந்தக் கணக்குக்கு வச்சதாம். ஆள் ஏறிட்டா நேரா நிக்குமாம்.”

“அந்தப் பெரியவர் ஒண்டிக்கட்டைன்னு நீதானே சொன்னே?”

“சுத்த ஒண்டிக்கட்டை. அவர் வீட்டுக்குப் பூனைகூட வராதாம்.”

“அப்ப பின்னாடி யாரு உக்கார்ந்தது?”

மைத்துனன் பிடரியைச் சொறிந்தான். “அதை நான் கேக்கல அத்தான். வண்டியப் பத்திக் கேட்டேன்.”

“கேக்க வேண்டிய ஒண்ணைக் கேக்காம வர்றதுக்கு உன்னை விட்டா ஆள் கிடையாது.”

“நீங்க நிலாவையே கோணலா மாட்டியிருக்காங்கன்னு சொல்ற ஆளு. உங்ககிட்டப் பேசி நான் எங்க ஜெயிக்கிறது? அக்கா, நான் கெளம்புறேன்!”

பைக்கின் ஓசை தெருமுனை வரை போய்த் தேய்ந்தது. ரசமட்டம் அது தேயும் வரை காத்திருந்தார். முட்டாள்கள் அருகில் இருக்கும்போது அவர் கருவிகளைத் தொடுவதில்லை.

வீட்டு முற்றம் நீண்டது, சிமெண்டு பூசியது, அவரே நின்று மட்டம் பார்த்துப் போட்டது. அதன் கடைசியில் பக்கத்துக் கிடங்கின் வெள்ளைச் சுவர், ஒரு சன்னல்கூட இல்லாமல், இந்த வேலைக்கென்றே எழுப்பியதுபோல் நின்றது. அவர் டயர்களின் காற்றைச் சோதித்தார். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். அதற்குச் சற்றுக் கீழே, சுவரின் குறுக்கே, நீலநிற ஒட்டுநாடாவை ஒரே நீளமாக ஒட்டினார். ஒளியின் மேல்விளிம்பு அந்த நாடாவைத் தொட்டு நிற்க வேண்டும். மேலேயும் கூடாது, கீழேயும் கூடாது. ஒட்டி முடித்தபோது இருட்டியிருந்தது.

ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆளின் எடை இல்லாமல் வைத்த அளவு அளவே அன்று.

“நான் எதுக்குங்க? ஒரு மூட்டையத் தூக்கி வைங்களேன்,” என்றாள் மனைவி.

“மூட்டை இருந்தா உன்னை ஏன் கூப்பிடுறேன்? அது பேசாது.”

“உங்ககூட இருந்தா அதுவும் பேச ஆரம்பிச்சிரும்.” அவள் குழந்தைத் துணிகளை மடியில் குவித்துக்கொண்டு ஏறி அமர்ந்து, கதவைச் சாத்தி, இயந்திரத்தை முடுக்கி, விளக்கைப் போட்டாள். “சீக்கிரம் முடிங்க. உள்ள ஏதோ வாடை அடிக்குது.”

“உன் தம்பி வாங்கின வண்டி. பன்னீரா மணக்கும்?”

வாடை அவருக்கும் தெரிந்திருந்தது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வரும் பழந்துணி நெடி. அதன் அடியில், மிக மெலிதாக, வியர்வை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இடப்பக்க விளக்கின் மீது தடித்த சாக்கைப் போட்டு மூடினார். ஒரு நேரத்தில் ஒரு விளக்கு, முறை அதுதான். பிறகு முன்மூடியைத் தூக்கி, விளக்கின் பின்னால் இருந்த திருகைத் திருப்புளியால் மெல்லத் திருப்பினார். சுவரில் ஒளி எழுந்தது. நாடாவைத் தொட்டது. நின்றது.

சுவரருகே நடந்துபோய்க் குனிந்து பார்த்தார். மயிரிழையும் பிசகவில்லை. மனநிறைவு என்ற ஒன்றை அவர் தமக்கு அனுமதிக்கும் அரிதான நொடிகளுள் அது ஒன்று.

பின்னால், ஒளிக்கு அப்பால், வண்டியின் சுருள்வில் ஒரு முறை முனகியது. பழைய கட்டிலில் யாரோ அமர்ந்ததுபோன்ற முனகல். அவர் கண்ணெதிரே ஒளியின் விளிம்பு நாடாவை விட்டு மேலே ஏறியது. நான்கு விரற்கடை ஏறி நின்றுவிட்டது.

“ஆடாம உக்காரத் தெரியாதா உனக்கு?”

“நான் எங்க ஆடினேன்? துணி மடிச்சுக்கிட்டிருக்கேன்.”

துணி மடிக்கிறவள் ஆடுவாள். ஆடுவது அவளுக்குத் தெரியாது. தெரியாதது இல்லை என்றாகிவிடாது. இதை விளக்கிச் சொல்ல ஒரு வாழ்நாள் போதாது என்பதை மணமான முதல் ஆண்டிலேயே உணர்ந்திருந்தார். திரும்பிப் போய், திருகைத் தளர்த்தி, ஒளியை நாடாவுக்கு இறக்கினார். மறுபடி சுவருக்கு நடந்தார். பாதி வழியில் மறுபடி முனகல். ஒளி விழுந்தது. நாடாவுக்குக் கீழே, நான்கு விரற்கடை.

முதலில் இருந்த அதே இடம். அந்தப் பெரியவர் வைத்திருந்த அதே இடம்.

பிடரியில் ஏதோ குளிர்ந்தது. அதைச் சினம் என்று அவர் வகைப்படுத்தினார். திருகின் மரை தேய்ந்திருக்கிறது. வண்டி செய்தவன் தறுதலை, விற்றவன் கிறுக்கன், வாங்கியவன் மைத்துனன்.

“ஏங்க,” என்றாள் அவள் சன்னல் வழியே, “தம்பி திரும்பி வந்துட்டானா? பின்னாடி ஏதோ ஏறி எறங்குற மாதிரி இருக்கே.”

இதோ, காரணம் கிடைத்துவிட்டது. ரசமட்டத்தின் உதடு கோணியது. வளர்ந்த மனிதன், அத்தானைக் கேலி செய்ய இருட்டில் பதுங்கிவந்து டிக்கியை அழுத்தி விளையாடுகிறான்.

“டேய்! கழுதை வயசாச்சு, இன்னும் விளையாட்டுப் போகலையா?”

இருட்டிலிருந்து சிரிப்பு வரவில்லை. இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் அவளுடைய கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பேசினாள்.

“தம்பிதாங்க. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டானாம். வேலை முடிஞ்சுதான்னு கேக்கிறான்.”

வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. பார்க்க என்ன இருக்கிறது என்றும் உடனே தோன்றியது. பின்னதை அவர் அறிவு என்று கொண்டார்.

திருகை மறுபடி ஏற்றினார். ஒளி நாடாவுக்கு வந்தது. இம்முறை இடப்பக்கச் சாக்கையும் உருவி எறிந்தார். பட்டறையில் புதிதாக மாட்டிய விளக்கு. அதன் திருகை அவர் தொடவே இல்லை. அது சாட்சியாக இருக்கட்டும். இரண்டு ஒளிகளும் சுவரில் ஒன்றையொன்று தொட்டு, நாடாவின் மீது ஒரே நேர்கோடாக நின்றன. தம் நிழல் அதன் மேல் விழாதிருக்க, அவர் சுவரோரம் ஒதுங்கி இருளில் நின்று பார்த்தார். அழகாக இருந்தது.

முனகல்.

இரண்டு கோடுகளும் எழுந்தன. ஒன்றாக. ஒரே அளவாக. நான்கு விரற்கடை.

தொடாத விளக்கும் எழுந்தது. இரண்டு விளக்குகளின் திருகுகள் ஒரே நொடியில், ஒரே அளவில் நழுவுவதில்லை. விளக்குகள் நகரவில்லை. வண்டி நகர்ந்தது. முன்புறம் உயர்ந்தது. பின்புறம் அமிழ்ந்தது. எவ்வளவு எடைக்கு இவ்வளவு அமிழும் என்று அவருடைய மூளை, கேட்காமலே, கணக்குப் போட்டது. விடை உடனே வந்தது. ஓர் ஆள்.

அவர் வண்டியைப் பார்த்தார். இரண்டு வெண்ணிற வட்டங்கள். அவற்றுக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. கண்ணாடி, கூரை, அவள் தலை, எதுவும்.

“என்னங்க இது?” அவள் குரல் அலுப்பாக வந்தது. “வேலை முடிஞ்சுதுன்னா முன்னாடி வந்து சொல்ல வேண்டியதுதானே? பின்னாடி ஏன் ஏறினீங்க? பாப்பாவுக்கு இப்பத்தான் துணி விரிச்சு வச்சேன். எந்திரிங்க.”

கதவு திறந்த ஓசையை அவர் கேட்கவில்லை. எந்தக் கதவும் திறக்கவில்லை.

ஊரில் உள்ள எல்லாருக்கும் ஒரு வசைச்சொல் வைத்திருந்த அந்த நாக்குக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. பெருமுயற்சி செய்து ஒன்றைப் பிடித்தார்.

“எறங்கு.”

“இப்பத்தான் ஆடாம உக்காருன்னீங்க. ஒருநாளாவது ஒரே பேச்சா…” அவள் நிறுத்தினாள். மறுபடி பேசியபோது குரல் வெகுவாகத் தணிந்திருந்தது. “ஏங்க. நீங்க எங்க நிக்கிறீங்க?”

“இங்க. சுவத்துகிட்ட.”

இருக்கையின் உறை நெரிபடும் ஓசை கேட்டது. மெல்ல, மிக மெல்ல, ஒருவர் இடுப்பை வளைத்துப் பின்னால் திரும்பிப் பார்க்கும் ஓசை.

பிறகு அதுவும் இல்லை.

அவர் ஓட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் கண், பழக்கத்தின் அடிமையாக, வண்டியை விட்டுச் சுவருக்குத் திரும்பியது. அங்கே அளவு இருந்தது. அதை மட்டும் அவரால் பார்க்க முடிந்தது.

வில் முனகியது.

கோடுகள் மறுபடி எழுந்தன. பதறாமல், ஒருவர் மற்றொருவருக்குத் தள்ளி அமர்ந்து இடம் கொடுப்பதுபோல், நிதானமாக. நான்கு விரற்கடைக்கு மேல் இன்னொரு நான்கு விரற்கடை. பின்னால் இப்போது இரண்டு ஆள். அங்கே நின்றன. ஓட்டுநர் கதவு திறக்கவில்லை. இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுவரில், நீல நாடாவுக்கு வெகு உயரத்தில், இரண்டு விளக்குகளின் ஒளியும் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல் ஒரே நேர்கோடாக நின்றது.